காற்று வரும் நாளில் தூங்கிவிடும் பெட்டி

நெட்டுக்குப்பம், எண்ணூர்.
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை மாலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு,

மாமனார் ரகுபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கன்னியம்மாவும் மச்சான் ரஞ்சித்தும் நலம். பெங்களூரில் நீங்களும் ஐந்தாம் மாதத்தில் இருக்கும் வினிதாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வியாசர்பாடிக்குப் போன் செய்யும்போது சம்பந்தி பீம்ராவ் அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இங்கே நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் கொடுத்த மடிக்கணினி.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் நான் நடந்ததை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் "மாமா, கடைசியா ஸ்கிரீன்ல இன்னா வந்துச்சி, அத்த மட்டும் சொல்லுங்க" என்கிறீர்கள். அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரு யூனிட் நின்றுபோனால் கடைசியில் என்ன நடந்தது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. முதலில் என்ன நடந்தது என்றுதான் கேட்பார்கள். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். கருவாட்டுப் பார்சலோடு இந்தக் கடிதம் வரும். பார்சலில் கணினியும் இருக்கும். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும்.

உங்கள் கல்யாணத்துக்கு இந்த ஊர் வரவில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே ஊர், சித்திரையில் நீங்கள் வந்து ஊர் மன்றத்துப் பலகையில் அந்தக் கணினியை வைத்தபோது வாசல் கொள்ளாமல் வந்து நின்றது. கடல் எச்சரிக்கையை அதுவே இன்டர்நெட்டிலிருந்து எடுத்து, எர்ணாவூர் மைக் செட் இன்னாசியின் குழாய் ஸ்பீக்கரில் அதுவே படித்தது. படிக்கும் குரல் வினிதாவின் குரல். கடல் சும்மா இருக்கும் நாளில் "இன்று கடல் சாதாரணம்" என்று ஒரே ஒரு வரி. காற்று வரும் நாளில் முதலில் சங்கு ஊதும், பிறகு "காற்று வேகம் கூடும். கடலுக்குப் போக வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லும். ஊர்த்தலைவர் வல்லரசு அன்றைக்கே அதற்கு "நம்ம மாப்ள பொட்டி" என்று பெயர் வைத்துவிட்டார். அந்த "நம்ம" என்ற சொல்லுக்காக உங்கள் அத்தை கல்யாண நாளிலிருந்து காத்திருந்தாள். விடியலில் மன்றத்தைப் பெருக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சங்கு ஊதினால் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் முதலில் போய் நிற்பவள் அவள்தான்.

ஆடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆவணியில் ஒரு நாள் விடியலில் சங்கு ஊதியது. வினிதாவின் குரல் "காற்று வேகம் கூடும். கடலுக்குப் போக" என்றது. அவ்வளவுதான். திரை கறுத்துப் பெட்டி தூங்கிவிட்டது. கரையில் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கிறார்கள். "இன்னாடா சொல்லுச்சி?" என்று ஒருவன் கேட்க, "காத்து ஏறுமாம், அதுக்குள்ள போய்ட்டு வந்துருன்னுது மாமு" என்று இன்னொருவன் சொல்ல, எல்லாரும் போய்விட்டார்கள். என் மகனும் போனான். காற்று, சொன்னபடி ஏறியது. வலைகளைக் கடலிலேயே அறுத்துவிட்டுத்தான் கரை சேர்ந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ரஞ்சித் ஈரத்தோடு வாசலில் நின்று "அக்காதானே நைனா போவச் சொல்லுச்சி" என்றான். உங்கள் அத்தை அன்று சோறு பொங்கவில்லை. வல்லரசு என்னைப் பார்த்து, "இன்னா ரகு, வியாசர்பாடி பொட்டி இப்டி பண்ணிடுச்சி?" என்றார். கவனியுங்கள் மாப்பிள்ளை. பேசினால் நம்ம மாப்ள பொட்டி, தூங்கினால் வியாசர்பாடி பொட்டி. அதை அந்தப் பேரோடு விட எனக்கு மனம் வரவில்லை.

நான் போய்ப் பொத்தானை அழுத்தியதும், ஒன்றும் நடக்காதது போலப் பெட்டி எழுந்துகொண்டது. மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்று என் அனுபவம் சொன்னது. மன்றத்து எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். இன்னாசியின் ஆம்ப்ளிஃபயரில் பல வருஷமாக இருந்த இரைச்சல் அன்றோடு நின்றது. அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்த எச்சரிக்கை நாளில் பெட்டி மறுபடியும் "கடலுக்குப்" என்பதோடு தூங்கியது.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். "மாமா, உள்ள கர்னல்னு ஒரு மூலப் புரோகிராம் இருக்கு, அதான் எல்லாத்துக்கும் ஷிப்ட் இன்ஜினீயர் மாதிரி. ஃபேன் எப்ப ஓடணும், டிஸ்க் எப்ப நிக்கணும், மெஷின் எப்ப தூங்கணும், எல்லாம் அதோட உத்தரவு" என்று விளக்கினீர்கள். மிகத் தெளிவாகப் புரிந்தது. அப்படியானால் அந்த ஷிப்ட் இன்ஜினீயர் காற்று அடிக்கும் நேரம் பார்த்துத் தூங்குகிறார். எங்கள் நிலையத்தில் அவருக்கு மறுநாளே மெமோ போயிருக்கும். நீங்கள் மெமோவுக்குப் பதிலாக, பெட்டி கிளம்பும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்து ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னீர்கள். ஆழ்ந்த தூக்கத்துக்கும் லேசான தூக்கத்துக்கும் உள்ள தகராறை அந்த வரி தீர்க்கும் என்றீர்கள். சேர்த்தேன். அடுத்த முறை லேசாகத் தூங்கியது. எழுந்தபோது திரையில் எல்லாம் ஓடியது, ஆனால் குரல் எழவில்லை. சங்கும் இல்லை, பேச்சும் இல்லை. இன்னாசி ஸ்பீக்கர் வாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு "சார், இது முழிச்சிகினு கம்முனு கீது. நம்ம வூட்ல கோச்சிகினா இப்டித்தான்" என்றான்.

பிறகு கர்னலே பழையது, புதிதாக மாற்றலாம் என்றீர்கள். மாற்றினோம். பெட்டிக்கு இன்டர்நெட் என்று ஒன்று இருந்ததே மறந்துபோய்விட்டது. எச்சரிக்கையே வராத பெட்டி தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன. பழைய கர்னலுக்கே திரும்பினோம். அடுத்து, தூக்கம், மின்சாரம், பேட்டரி எல்லாவற்றையும் கவனிக்கும் பகுதியையே மொத்தமாக அணைத்துவிடும் வரியைக் கொடுத்தீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு பெட்டி தூங்கவேயில்லை. காற்று வந்தது, சங்கு ஊதியது, வினிதா முழுசாகப் பேசினாள், உங்கள் அத்தை பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வல்லரசு "நம்ம மாப்ள பொட்டி" என்றார். ஆனால் தூங்காத உடம்பு சுடும் அல்லவா. மின்விசிறி பாய்லர் ஃபேன் போல இரைந்தது. பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை. கரண்ட் போன ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோனது. சூடு கண்டு மன்றத்துப் பூனை அதன்மேல் படுத்துக்கொண்டது. எழுப்பினால் சீறியது. இன்னாசி "பொட்டி தூங்கல சார், பூனை தூங்குது. வேலை ஒண்ணுதான், ஆளு மாறிடுச்சி" என்றான். பலகையில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியதும், உங்களிடம் கேட்டு அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இதைக் கேட்டதும் நீங்கள் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. "அப்ப கண்டுபுடிச்சிட்டேன் மாமா, கம்பெனிக்காரனே மெஷின்ல தப்பா எழுதி வெச்சிருக்கான்" என்றீர்கள். திரை மூடியை மூடாதபோதே மூடியதாகக் கர்னலுக்குச் சேதி போகிறது, அந்த மாடலுக்கு மட்டும் மூடியை நம்பாதே என்று கர்னலுக்குச் சொல்லிக்கொடுக்கும் திருத்தத்தை எழுதி, ஜெர்மனியில் அதற்குப் பொறுப்பானவருக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னீர்கள். அவர் ஏற்றுக்கொண்டால் உலகத்தில் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேரும், நம் பெட்டிக்கும் வரும், அதுவரை பொறுத்திருங்கள் என்றீர்கள். நெட்டுக்குப்பத்து மன்றத்தில் கண்டுபிடித்த பிழை உலகத்துக்கே உதவப்போகிறது என்று நான் வல்லரசிடம் சொன்னேன். அவர், "ஒலகத்துக்கு அப்பறம் ஒதவட்டும் ரகு, ஐப்பசிக் காத்துக்கு முன்ன நம்ம ஊருக்கு ஒதவுதா பாரு" என்றார்.

இன்று காலை ஊர்க்கூட்டம். பெட்டி இருப்பதா, இறக்குவதா என்பது ஒன்றே பேச்சு. ஊர் முன்னால் ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிறேன் என்று நான்தான் வாய்தா கேட்டேன். ஆண்கள் தரையில், பெண்கள் பெட்டிப் பக்கத்துத் தூணோரம். உங்கள் அத்தை எல்லாருக்கும் முன்னால். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி போலி எச்சரிக்கையைக் கொடுத்தேன். சங்கு ஊதியது. "காற்று வேகம் கூடும்." தரையில் இருந்தவர்கள் எம்பிப் பார்த்தார்கள். "கடலுக்கு." திரை கறுத்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வல்லரசு மெதுவாக, "எறக்கிடு ரகு. பழையபடி சிவப்புக் கொடியே ஏத்திக்கலாம். கொடி தூங்காது. உன் மருமவப்புள்ள மேல எங்களுக்கு ஒண்ணியும் கோவம் இல்ல" என்றார். கோபம் இல்லை என்று சொல்லும்போது மனிதர் உங்களை "நம்ம மாப்ள" என்று சொல்லவில்லை. "உன் மருமவப்புள்ள" என்றார். உங்கள் அத்தை வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், இதை எழுதும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆகவே நாளைக்குக் கணினியை இறக்கிக் கருவாட்டோடு கட்டி அனுப்புகிறேன். வாசனை ஏறாமல் இருக்கத் தனிப் பையில் போடுகிறேன். உங்கள் முயற்சியில் குறையில்லை. என் பங்குக்கு எர்த் குழியிலும் குறையில்லை. இரும்பால் செய்த பொருளுக்கு நம் ஊர் உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி ஆறுதல் அடையவும். பதிவு செய்த குரல் வீணாகிவிட்டது என்று வினிதாவிடம் சொல்ல வேண்டாம். இந்த மாதத்தில் அவள் மனம் வாடக் கூடாது. நீங்கள் இருவரும் பிறக்கப்போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கரை தெரியும் தூரத்திலேயே எப்போதும் இருக்கும்படி கடலம்மாவை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ரகுபதி

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை காலை): பார்சலில் கணினியைத் தேட வேண்டாம். அது பலகையிலேயே இருக்கிறது.

நேற்று இறக்கப் போனேன். சணலை வெட்டக் கத்தரிக்கோலைப் பலகையில் வைத்தேன். அது தானாக நகர்ந்து, விளக்குக்குப் பின்னால் இருந்த ஒரு சிவப்புத் துணி முடிச்சில் போய் ஒட்டிக்கொண்டது. பிரித்தால், எலுமிச்சம்பழம், கற்பூரம், நடுவில் வளையக் காந்தம். இன்னாசியின் கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. கன்டெய்னர் லாரி ரோட்டில் விழுந்து கிடக்கும் போல்ட்டு, ஆணியெல்லாம் பொறுக்க, கடலுக்குப் போகாத நாளில் ரஞ்சித் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவானே, அதுவேதான். கணினியின் வலது மூலையில் அதை வைத்தேன், திரை கறுத்தது. எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன், எழுந்தது. மறுபடி வைத்தேன், தூங்கியது. மூடியில் இருக்கும் சின்னக் காந்தத்தை வைத்துத்தான் மூடியிருக்கிறதா என்று அது தெரிந்துகொள்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஷிப்ட் இன்ஜினீயர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு வந்த சேதி அப்படி.

உங்கள் அத்தையைக் கேட்டேன். "ஆமா, நான்தான் வெச்சேன். இன்னா இப்போ?" என்றாள். "புள்ளத்தாச்சிப் பொண்ணு குரலு ஊருக்கே கேக்குது. அத்தினி பேரு கண்ணும் அதுமேலதான். வெறும் எலுமிச்சம்பழம் தாங்குமாய்யா? அவ இருக்கிற எடத்துல நான் இல்ல, அவ குரலு இருக்கிற எடத்துல நானு. சங்கு ஊதுனா கிட்ட தள்ளி வெப்பேன், பேசி முடிஞ்சா எடுத்துருவேன். சும்மா இரும்பு இல்ல, இரும்பையே இஸ்துக்கிற இரும்பு." கர்ப்பிணி பக்கத்தில் இரும்பு வைப்பது நம் ஊர் வழக்கம்தான். எண்ணிப் பார்த்தேன். பெட்டி தூங்க ஆரம்பித்தது, நீங்கள் நல்ல செய்தி சொன்ன அதே வாரம்.

இன்று விடியலில் காற்று எச்சரிக்கை வந்தது. அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். வினிதா "வேண்டாம்" வரைக்கும் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு படகும் போகவில்லை. வல்லரசு டீக்கடையில் "நம்ம மாப்ள பொட்டி பேசிடுச்சி பார்த்தியா" என்று என்னிடமே சொன்னார். முடிச்சு விஷயம் ஊருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஆனால் ஒவ்வொரு விடியலிலும் கை பிடிக்க முடியாது, அவள் முடிச்சையும் எடுக்கப்போவதில்லை. ஆகவே ஜெர்மனிக்காரருக்கு அனுப்பிய திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டாம். உலகத்தில் அந்த மாடல் வைத்திருப்பவர்கள் மூடியபோது தூங்கவில்லையே என்று வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். அவர் மனசாட்சிக்காரராக இருந்து மறுத்துவிட்டால், நம் பெட்டிக்கு மட்டுமாவது மூடியை மறக்கச் சொல்லிக்கொடுக்கவும்.

கருவாட்டுக்கு அடியில் இன்னொரு சிவப்பு முடிச்சு இருக்கும். உங்கள் வீட்டில் இதையெல்லாம் நம்புவதில்லை என்று தெரியும். சம்பந்தி கேட்டால் காந்தம் என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. உங்கள் கணினிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். வினிதாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.