அம்பாசிடர் பானெட்டில் ஓட்டை விழுந்த விவரம்

சாலை, திருவனந்தபுரம்
மே 1998

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, கலைச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், கார் சுகமில்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அக்காவைப் பொன்முடிக்குக் கூட்டிப் போவதாக அப்பா கல்யாணமான புதிதில் வாக்குக் கொடுத்தது உங்களுக்கும் தெரியும். அதற்காகவே இந்த வருடம் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். அது ஒவ்வொரு முறையும் மலையடிவாரத்தில், கல்லாற்றங்கரையில், கொதித்து நின்றுவிடுகிறது. "பானெட்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் தூக்கிவிடுங்க அத்தான், சூடு வெளிய போயிரும்" என்று போனில் சொன்னீர்கள். இரும்புக்கடைக்காரரான அப்பாவிடம் சொல்லக்கூடிய பேச்சா மாமா இது? கடையிலிருந்த வாஷரையெல்லாம் கீலுக்கடியில் அடுக்கிவிட்டார். வண்டி வேகமெடுத்ததும், முன்கண்ணாடியில் மோதிய காற்று அந்த இடுக்கில் புகுந்து, வெளியே போக வேண்டிய சூட்டை உள்ளே தள்ளியது. பெட்ரோல் வாடையில் நாங்கள் வெந்துபோனோம். அடுத்த வாரம் பானெட்டின் நடுவிலேயே வரிசையாக ஓட்டை வெட்டினார். "ஏட்டி, இனி இஞ்சின் மூச்சு விடும், கேட்டியா!" என்றார். அந்த முறை வழியில், நெடுமங்காட்டிலேயே கோடை மழை பிடித்தது. நனைந்த இஞ்சின் மூச்சே விடவில்லை. "இது காரோ அரிப்பையோ, சேட்டா?" என்று நம் காரைச் சல்லடையாக்கிச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். நானும் தள்ளினேன்.

பிறகு லைப்ரரியில் ஒரு மோட்டார் புத்தகம் எடுத்துப் படித்தேன். முன்னால் காற்று நுழைந்தால்தான் சூடு வெளியேறுமாம். நம் வண்டியில் எங்கே நுழைய? ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மா பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, முன்பக்கக் கிரில் முழுக்க அடைத்து மாலை கட்டிவிடுகிறாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாதாட்டி? சாமி மாலையக் கழட்டுன்னு அவட்ட யாரு சொல்லுகது? இரும்புன்னா வெட்டிரலாம்" என்றார்.

அம்மா உங்கள் சொல்லைத்தான் கேட்பாள். போன் செய்து, மாலையை வண்டிக்குள் சாமி படத்துக்குப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அப்பா அடுத்துக் கூரையை வெட்டுவார். எனக்கு இனித் தள்ளத் தெம்பில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு அன்பு.

தங்கள் மருமகள்,
கலைச்செல்வி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அம்மா படித்துவிட்டாள். கோபமில்லை. "காத்து போகாதுன்னு தெரிஞ்சுதாம்ட்டி கட்டுகேன். மலை ஏறினா எனக்குக் குமட்டும். கல்லாத்துல கால நனைச்சாப் போதும். அவரு ஆசையாக் கூட்டிட்டுப் போறாரு, எப்படிச் சொல்ல?" என்றாள். ஆகவே மாமா, போன் வேண்டாம். அப்பாவுக்கு இனியும் யோசனை சொல்வதானால் பலிக்காததாகப் பார்த்துச் சொல்லுங்கள், இதுவரை சொன்னதைப் போல.