ஃப்ரீ சாரும் ஏறிக்கொண்டே போன எண்ணும்

2008, நவம்பர், ஒரு புதன்கிழமை. காலை 9.10: விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் எங்கள் விற்பனை மேலாளர் வேப்பூர் பேருந்தில் ஏறினார். 9.35: மார்பைப் பிடித்துக்கொண்டு முன் இருக்கையின் கம்பியில் சாய்ந்தார். 10.05: மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 10.20: உயிர் பிரிந்தது. உடனிருந்தவை: ஒரு கைக்குட்டை, ஒரு பேனா, வைக்கோல் திணித்துக் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பன்னிரண்டு பீங்கான் ஃபியூஸ்கள். எதுவும் உடையவில்லை.

நிகழ்ந்தவை இவ்வளவே. இனி வருவதில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எதையும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவரே. எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையின் விற்பனைப் பிரிவு முழுவதும் அவர்தான். மேலாளரும் அவரே, அவருக்குக் கீழே பணியாற்றியவரும் அவரே. தொழிலாளர்கள் அவரை ‘ஃப்ரீ சார்’ என்று அழைத்தார்கள். நான் தரப் பரிசோதனை அதிகாரி. முனைவர் பட்டம் பெற்றவன் என்பதால் அவருக்கு நான் ‘டாக்டர் சார்’. ஒருமுறை என்னிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்டார். என் பட்டம் களிமண்ணைப் பற்றியது என்று விளக்கினேன். “அதனால என்னங்க, தலையும் அதானே” என்றார்.

வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் போய், தட்டிவிட்டால் போதும் என்கிற பிளாஸ்டிக் ‘ட்ரிப்பர்’ வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு ஆடியில் முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

“தீவாளிக்குள்ள புது பார்ட்டி யாரும் வரலன்னா சூளைய அணைச்சிடுவன். எல்லாரும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்.”

“விளம்பரத்துக்கு ஏதாச்சும்...” என்று நான் தொடங்கினேன்.

“ஒன்னும் கெடையாது.”

“வேணவே வேணாங்க மொதலாளி,” என்றார் ஃப்ரீ சார், முகம் மலர. “எல்லாத்தையும் நெட்டுல சும்மா குடுக்குறாங்க.”

ஒரே வாரத்தில் இணையதளம் பிறந்தது. இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் அதற்குக் கூலியாகத் தன் விளம்பரத்தை எங்கள் ஃபியூஸ் படத்தின் தலைமேல் வைத்தது: பத்தே நாளில் எடை குறைக்கும் மாத்திரை. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டிப் பார்த்தார்.

“யோவ், நாம ஃபியூஸ் விக்கிறமா, மாத்திரை விக்கிறமா?”

“சும்மா எடம் குடுத்தவன் வாசல்ல அவன் ஆளு ஒருத்தர நிறுத்தத்தாங்க செய்வான்.”

அடுத்தது இலவசக் கருத்துக்கணிப்பு. ‘எங்களிடம் வாங்குவதை ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் அனுப்பினார். ஒரே ஒரு பதில் வந்தது: சரக்கு தாமதம். மனம் நொந்து, பணிவான மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பினார். அது அவருடைய மின்னஞ்சல் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. கணிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே முதல் நாள் போட்ட பதில் அது. “ஆனா சொன்னது உண்மைதாங்க” என்றார்.

பிறகு இலவச நினைவூட்டல். செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்தால் திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்கு மின்னஞ்சலாக வந்து நிற்கும். எனக்கும் ஒரு நகல் வரும்படி செய்தார். “நான் மறந்தாலும் நீங்க மறக்க மாட்டீங்க, டாக்டர் சார்.”

கடைசியாகத்தான் அந்த எண் வந்தது. இணையதளத்தின் அடியில், எங்கள் அலுவலகக் கணினியை விட்டுவிட்டு, எத்தனை முறை பக்கம் திறக்கப்பட்டது என்று காட்டும் இலவசக் கருவி. முதல் வாரம் முழுவதும் அது ஏழிலேயே நின்றது. தினமும் மதியம் முதலாளி எட்டிப் பார்ப்பார். “ஏழுதானா?” என்பார். ஃப்ரீ சார் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிடுவார்.

முப்பது ஆண்டுகளில் பரிசோதனை ஏட்டில் ஓர் எண்ணைக்கூட நான் திருத்தி எழுதியதில்லை. மறுநாள் காலை ஆறே காலுக்கு, நடைக்குக் கிளம்புமுன், வீட்டுக் கணினியில் அந்தப் பக்கத்தைப் பத்து முறை திறந்தேன். அதற்கு அடுத்த நாளும் திறந்தேன். பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

எண் ஏறியது. தீபாவளி வந்தது. முதலாளி எண்ணைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார். “சரி, பொங்கல் வரைக்கும் ஓடட்டும்” என்றார். ஃப்ரீ சார் என் மேசைக்கு வந்தார், “டாக்டர் சார்” என்று தொடங்கினார், என் ஏட்டை நேராக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வாய் ஓயாத அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் பக்கத்து ஊரான மங்கலம்பேட்டைக்காரர், வளைகுடாவில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். “ஊரு நெனப்பு வந்து நெட்டுல விருத்தாசலம்னு தட்டுனங்க. ஸ்டேஷன் போட்டோ வரும்னு பாத்தா, எடை கொறைக்கிற மாத்திரயும் கீழ ஃபியூசும் வருது. மாத்திர வேணாம், ஃபியூசு மட்டும் சாம்பிள் அனுப்புங்க.”

வேப்பூர் நெடுஞ்சாலையில் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் சென்னைவரை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்றார் ஃப்ரீ சார். அந்தப் பெட்டியோடுதான் புதன்கிழமை பேருந்து ஏறினார்.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்தது. வெள்ளிக்கிழமை நான் அதே பெட்டியுடன் வேப்பூருக்குப் போய், அதே லாரிக்காரரிடம் கொடுத்தேன். பின்னர் ஆர்டர் வந்தது. சூளை மேலும் ஒன்றரை ஆண்டு எரிந்தது. அதன்பின் அணைந்தது.

ஆனால் அந்த வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, அவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை அவர் புதிதாக எழுதி வைத்திருந்த பட்டியல் அது. முதல் வேலை, பெட்டியை அனுப்புவது. அதை முடித்துவிட்டேன். மற்றவை அப்படியே இருக்கின்றன:

மாத்திரை விளம்பரத்த எடுக்க வழி இருக்குதான்னு பாக்கணும். சும்மா எடுக்கறதா இருந்தா மட்டும்.

கருத்துக்கணிப்புல நானே போட்ட பதில அழிக்கணும்.

டாக்டர் சாருக்கு ஒன்னு சொல்லணும்: அந்தக் கருவி எண்ண மட்டும் காட்டாது, எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து எத்தன மணிக்கு வந்தாங்கன்னும் காட்டும். காலைல ஆறே காலுக்குப் பத்து தடவ வர்றவருக்கு ஒரு நாள் நேர்ல நன்றி சொல்லணும். அவரு சங்கடப்படாத மாதிரி.