நிறுத்து வாங்கிய பவர் சப்ளை

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் இந்தக் கதையை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் சண்டை முடியாத காலம். கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் மகள் கோமதியை எனக்குப் பேசியிருந்தார்கள். நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்து ஆட்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பயத்தில் வாய் உளறி, "கம்பியூட்டர் படிச்சிருக்கேங்க" என்றேன். (படித்தேன்தான். ஒரு கம்பியூட்டருக்கு ஆறு பேர். நான் சுவரோரத்து ஆள்.)

டீமேக்கர் ஐயா ஒரு பிடி தேயிலையை மூக்கருகே கொண்டுபோய், "கருகிருச்சு" என்றால் தொழிற்சாலையே நடுங்குமாம். அந்த மூக்கு என் பக்கம் திரும்பியது.

"நல்லதாப் போச்சு தம்பி. கோமதிக்கு ஒரு கம்பியூட்டர் செய்ய சாமான் சாமானா வாங்கிச் சேத்திருக்கேன். பவர் சப்ளை மட்டும் பாக்கி. நல்லதா ஒண்ணு எடுத்து வந்து மாட்டிக் குடுங்க. அது ஓடட்டும், அப்புறம் நாள் குறிப்போம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹட்டன் கடையில் முதலாளி மூன்று பவர் சப்ளைகளை மேசையில் வைத்தார். "எத்தனை வாட் வேணும்? உள்ள என்னென்ன மாட்டப் போறீங்க?"

தெரியாது என்று சொல்ல வெட்கம். "நல்லதா ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"எல்லாம் நல்லதுதான் தம்பி."

பக்கத்தில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டார். "பாரமா இருக்கிறத எடுங்க. பாரம்னா உள்ள சாமான் நெறைய இருக்குன்னு அர்த்தம்."

எனக்கு உயிர் வந்தது. கொழுந்து நிறுத்துச் சம்பளம் வாங்கிய வீட்டில் பிறந்தவன். வாட் தெரியாது, கிலோ தெரியும்! ஆனால் பயத்தில் தூக்கிப் பார்த்தால் மூன்றும் மலையாகக் கனத்தன. முதலாளி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றையும் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்குக் கொண்டுபோக விட்டார்.

"இது எந்தக் கடல்ல புடிச்சது தம்பி?" என்றார் கருவாட்டுக் கடைக்காரர்.

"சும்மா நிறுத்துக் குடுங்கண்ணே."

நிறுத்தார். "இந்தா, இதுதான் கொழுத்தது. முள்ளெடுத்துத் தரவா?"

மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்து, கொழுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் சோதனைச் சாவடியைக் கண்டதும்தான் அட்டையைக் கடையில் விட்டது நினைவுக்கு வந்தது. அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன், மடியில் வயர் தொங்கும் இரும்புப் பெட்டி. இராணுவ வீரர் ஒருவர் ஏறி என் பக்கம் குனிந்தார். அவர் மூக்கைச் சுளித்தார்.

"கரவலத?"

கருவாடா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மூக்கைப் பிடித்தபடி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அதைவிடப் பெரிய சோதனை கந்தப்பளையில் காத்திருந்தது. ஐயா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் கோமதி. நான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தேன்.

"கருவாடு வாசம் வருதே" என்றார் ஐயா.

"வெள்ளிக்கிழமையில ஏதுங்க கருவாடு?" என்றார் உள்ளிருந்து கோமதியின் அம்மா.

வீட்டுப் பூனை வந்து கம்பியூட்டரைச் சுற்றியது. நான் எதுவும் கேட்காத மாதிரி வயர்களை மாட்டி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, சுவிட்சை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. "ம்" என்றார் ஐயா. எனக்கு மேளச் சத்தம் கேட்டது.

மேளமில்லை. டமார்!

வீட்டு விளக்கெல்லாம் அணைந்தன. கண் திறந்தபோது நான் ஐயாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். (ஆசீர்வாதத்துக்கு அல்ல.)

இருட்டில் ஐயா மோந்து பார்த்தார். "இப்ப கருவாடு கருகிருச்சு."

கரண்ட் வந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆறவைத்து அவரே பெட்டியைக் கழற்றினார். உள்ளே கருகிய சில்லறைச் சாமான்கள் கொஞ்சம். ஓரத்தில் பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு.

"இது எதுக்கு தம்பி?"

"பாரத்துக்குங்க."

"எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

"கருவாட்டுக் கடையில நிறுத்துங்க."

ஐயா இரும்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போச்சு, கல்யாணம் போச்சு.

"சரி, எம் பொண்ண எங்க நிறுத்தீங்க?"

திரைச்சீலை குலுங்கியது. "அப்பா, விடுங்கப்பா" என்றாள் கோமதி, சிரிப்பை அடக்க முடியாமல். "கந்தப்பளைக் குளிர்ல ஒருத்தருக்கு வேர்த்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஐயாவின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

கல்யாணமாகி மூத்த மகள் பிறந்தபோது நர்ஸ் எடையைச் சொன்னதும், மாமா (அதே ஐயாதான்) என் காதருகே குனிந்தார். "உள்ள இரும்பு கிரும்பு இருக்கப் போவுது, பாத்துக்குங்க மாப்ள." கத்தரிக்காய் வாங்கினாலும், "அவருகிட்டக் குடுங்க, தூக்கிப் பாக்கட்டும்" என்கிறாள் கோமதி. அந்த இரும்புத் துண்டு எங்கள் வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், அந்த டமாருக்கு மறுநாள் ஐயா கூடவே ஹட்டனுக்கு வந்தார். முதலாளி கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். வேறொன்று தந்தார்கள், அது ஓடியது. நான் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டேன்.