மாமனார் நாடியும் என் கட்டைவிரலும்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று எழுத ஆசைதான். ஸ்டெல்லா என்று ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கும்வரை அதற்கு வழியில்லை.

எழுபதுகளில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பேரும் மயக்க மருந்துப் படிப்பு படித்தோம். நோயாளியைத் தூங்கவைத்து மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரம்தான் பெரிய கண்டம். தொண்டையில் கருவி பட்டதும் இதயம் தறிகெட்டு ஓடும், பிரஷர் எகிறும். ஏற்கெனவே பிரஷர் இருப்பவருக்கு மூளையில் ரத்தக்குழாயே வெடிக்கலாம். நான் போட்டால் எகிறும். ஸ்டெல்லாவோ ஆழத் தூங்கவைத்து, தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, சட்டென்று டியூபை இறக்கிவிடுவாள். நாடி கொஞ்சமும் ஏறாது. (கையா அது, வெண்ணெய்!) எங்கள் சீஃப் டாக்டர் அவளைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த நேரம் பார்த்து என் மாமனாருக்குப் பித்தப்பையில் கல். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, பிரஷரோ இறங்கவே இறங்காது.

"எம் மருமவளே டாக்டரு. அவதான் மயக்கம் குடுக்கப்போறா" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சீஃப் ஒரே வரியில் முடித்தார். "பிரஷர் கேஸ்மா. ஸ்டெல்லா டியூப் போடட்டும், நீ பல்ஸ் பாரு."

அதோடு விட்டதா? என் மாமியார் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா எங்க ஊட்டுக்காரர காப்பாத்தணும்" என்று கண்கலங்கி, வறுத்த வஞ்சிரத்தைத் தூக்குச்சட்டியோடு கொடுத்தார். எனக்கு ஒரு துண்டுகூட இல்லை!

ஆபரேஷன் தியேட்டரில் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றேன். அவர் நாடி எகிறட்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக. (ஒரு துளி நினைத்தேன். ஒரே துளி.) ஸ்டெல்லா குனிந்தாள். டியூப் போனது. என் விரலடியில் தடதடவென்று அடித்தது.

"சார், பல்ஸ் நூத்தம்பது!"

ஸ்டெல்லாவின் முகம் வெளுத்தது. மயக்க மருந்தைக் கூட்டினாள்.

"இன்னும் ஏறுது சார்!"

இன்னும் கூட்டினாள். மறு கையில் பிரஷர் பார்த்த நர்ஸ், "டாக்டர், பிரஷர் மளமளன்னு எறங்குது!" என்று அலறினாள்.

சீஃப் ஓடிவந்து மாமனாரின் கழுத்தில் விரல் வைத்தார். "எழுபத்தஞ்சுதான் இருக்குது. மருந்தக் கொறை ஸ்டெல்லா." பிறகு என் கையைப் பார்த்தார். "ஏம்மா, கட்டைவிரலாலயா பாக்குற?"

நானும் உப்பளத்து வீட்டில் பிறந்தவள். உப்பு விளைந்ததா என்று கட்டைவிரலில் நசுக்கிப் பார்த்தே வளர்ந்த கை. பதற்றத்தில் அந்த விரல்தான் முந்திக்கொண்டது. கட்டைவிரலுக்கென்று சொந்த நாடி உண்டு, அது தன் துடிப்பையே எண்ணிக் காட்டிவிடும் என்று முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். அந்த நூற்றைம்பதும் என்னுடையது.

மாமனார் தேறிவிட்டார். ஸ்டெல்லா என் கட்டைவிரல் கதையை யாரிடமும் சொல்லவில்லை. (அதற்கும் பொறாமைப்பட்டேன்.) நர்ஸ்தான் சொல்லிவிட்டாள். மாமனார் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் உசுரு போயிருந்தாலும் இவ நூத்தம்பதுன்னுதான் சொல்லியிருப்பா!"

போன மாதம் ஸ்டெல்லா சாப்பிட வந்தாள். என் மகள் என் சமையலை விட்டுவிட்டு அவள் கொண்டுவந்த கேக்கைச் சாப்பிட்டு, "ஆன்ட்டி கைக்கு ஈடே இல்ல" என்றாள். என் கணவர் தன் மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கொஞ்சம் பல்ஸ் பாரேன்."

நான் தொடவில்லை. எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும்.