இந்திராநகரில் மூன்று ஜோடி செருப்பு

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. எந்த இடத்தைப் பற்றிப் பொய் சொன்னேனோ அங்கேயே அப்பா அம்மாவைக் கூட்டிப்போனேனே, அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. பெங்களூரில் வேலை கிடைத்து, ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கிய ஆறாவது மாதம், திருப்பத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். ஊர் அப்பாவுக்குச் சரிப்பட்டால் நான் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியோடு கிளம்ப வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"சிவாஜிநகர் போலாம்டி. துணியெல்லாம் நல்லாருக்குமாம்" என்றாள் அம்மா.

"அங்க ஒரே கூட்டம்மா. இந்திராநகர் போலாம். நான் வாரா வாரம் போற எடம்." (பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.)

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே ஒரு காபிக்கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே தரை பளபளத்தது. என்னைக் கேட்காமலே என் கால்கள் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டன. (எங்கள் ஊரில் டாக்டர் கிளினிக்கோ நகைக்கடையோ, கண்ணாடிக் கதவு என்றால் அப்படித்தான்.) மகள் விவரமானவள் என்று நம்பி அவர்களும் கழற்றினார்கள். உள்ளே எல்லோரும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி, எங்கள் ஆறு கால்களையும் ஏற இறங்கப் பார்த்தது.

கொத்தனாரான அப்பா மட்டும் குனிந்து தரையைத் தடவி, "பாலிஷு நல்லா போட்ருக்கான்" என்றார்.

வெளியே வந்தால் வாசல் காலி.

"ஐயோ, உங்களுதாம்மா? யாரோ வுட்டுட்டுப் போன பழசுன்னு குப்பை வண்டியில போட்டுட்டேனே!" என்றார் வாட்ச்மேன்.

ரோடு கொதித்தது. மரநிழல் விட்டு மரநிழல் தாவினோம். பக்கத்துச் செருப்புக்கடையில் விலையைக் கேட்ட அம்மா, "இந்த வெலைக்கு ரெண்டு காலும் சேத்துத் தருவானா? ஆட்டோவக் கூப்புடு. சிவாஜிநகர்!" என்றாள்.

சிவாஜிநகரில் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "வாரா வாரம் போவேன்னியே, வாரத்துக்கு ஒரு ஜோடி போவுமா?"

"சும்மா சொன்னேம்பா. இன்னிக்கித்தான் உள்ளயே போனேன்." பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று அழத் தயாரானேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அந்த மாதிரி எடத்துக்கு வாரா வாரம் போறாளேன்னு பயந்துட்டு இருந்தேன். இங்கயே இரு."

இருக்கிறேன். நாலு வருடமாகிறது. பிரமோஷன், அமெரிக்கா மீட்டிங் என்று போனில் எதைப் பெருமையடித்தாலும், அம்மா முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்வாள்: "சரிடி, கால்ல செருப்பு இருக்குதான்னு குனிஞ்சு பாத்துக்க."

(பார்த்துத் தொலைக்கிறேன்.)