கறுப்புத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர்

கண்ணால் பார்த்தவர் என்று ஒரு வகை மனிதர் இருக்கிறார். உங்களுக்கும் அவரைத் தெரியும். டாக்டர் ஊசி போட்டு, அது வலித்து, வலித்த இடம் வீங்கினால்தான் காய்ச்சல் இறங்கியதாக ஒப்புக்கொள்வார். வெறும் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புகிற டாக்டரைப் பற்றி, "அந்தாளு நெசமாவே படிச்சவர்தானா?" என்று மருந்துக் கடையில் விசாரிப்பார். நுரை வராத சோப்பு அவருக்குச் சோப்பில்லை. சத்தம் போடாத மிக்ஸி அரைக்கவில்லை. தும்மல் வராவிட்டால் மிளகாய்ப் பொடியில் கலப்படம். வரிசை இல்லாத கோயிலில் சாமிக்குச் சக்தி போதாது.

இவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டாளாக இருந்தால் எடுத்துச் சொல்லலாம். இவரோ ஆதாரம் கேட்கிறவர். ஆதாரம் கேட்கிறவரிடம் யார் என்ன பேச முடியும்?

இந்த வகையில் முதல் தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் டில்லியில் துவாரகா பக்கம் வாருங்கள். அப்பாவு அண்ணனைக் காட்டுகிறேன்.

அப்பாவு அண்ணனுக்கு வீடு வீடாகப் போய் கார்ப்பெட்டும் சோபாவும் கழுவிக் கொடுக்கிற தொழில். ஆறு வருடம் ஒரு பெரிய கம்பெனியின் பெயரைக் கடன் வாங்கிச் செய்தார். பெயர் அவர்களுடையது, சட்டை அவர்களுடையது, மெஷின் அவர்களுடையது, சோப்புத் தண்ணீரும் அவர்களுடையது. வேர்வை மட்டும் எங்களுடையது. எங்களுடையது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணன் நின்றுகொண்டு மெஷினை ஓட்டுவார், நான் முட்டிபோட்டு ஓரங்களைத் தேய்ப்பேன். ஆறு வருடமும் அப்படித்தான்.

அந்தக் கம்பெனி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கழுவுவது அல்ல. காட்டுவது. வேலை முடிந்ததும் மெஷின் உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி வீட்டுக்கார அம்மாவின் முன்னால் வை. நீ வாயைத் திறக்காதே. அவர் திறப்பார்.

திறந்தார்கள். எல்லா அம்மாக்களும் திறந்தார்கள். "ஹாய் ராம்! இதுலயா என் பேரன் தவழ்ந்தான்?" என்று கன்னத்தில் கைவைத்தார்கள். கை கன்னத்தில் இருக்கும்போதே ரசீதை நீட்டிவிட வேண்டும். அது இரண்டாவது பாடம். இப்படி ஆறு வருடம் ஊருக்குக் காட்டிக் காட்டி, கடைசியில் அண்ணனுக்கே அந்த வாளியின் மேல் பக்தி வந்துவிட்டது. காரிலிருந்து இறங்கும்போது கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அந்த வாளியைப் பார்ப்பார்.

போன மாதம் ஒப்பந்தம் முடிந்தது. "இனிமே நமக்கு நாமதான் ராஜா" என்று அறிவித்துவிட்டுச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மெஷினையும் திருப்பிக் கொடுத்தார். ராஜா வேறு சட்டை போட்டுக்கொண்டார். மெஷினுக்கு எங்கே போவது?

அவசரம் இல்லையென்றால் யோசிக்கலாம். ஆனால் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகை எங்களுக்காகக் காத்திருந்தது. அதன் பொறுப்பாளர் பாலசுப்ரமணியம் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை மீட்டிங் ஹாலக் கழுவுங்க. சனிக்கிழமை காலைல பெரிய மனுஷங்க வராங்க. எனக்குத் திருப்தின்னா வருஷம் பூரா முப்பத்திரண்டு ரூமும் ஒங்களுக்கு. இல்லன்னா பழைய கம்பெனிக்கே போன் போட்டுடுவேன்." அந்த வேலை கிடைத்தால் நான் அண்ணனோடு. கிடைக்காவிட்டால் பழையபடி நாலு வீட்டுப் பாத்திரங்களோடு. ஆகவே எந்த மெஷின் வாங்குவது என்பதில் எனக்கும் அக்கறை இருந்தது. பேசத்தான் வராது. முட்டிபோட்டு வேலை செய்தால் மேலே நிற்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். கீழேயிருந்து பேசுவது மேலே ஏறாது.

அண்ணன் கடைத்தெருவுக்குப் போகவில்லை. கடைக்காரர்களை வரவழைத்தார். எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்ட அறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெரிய கார்ப்பெட். ஒரு காலத்தில் சிவப்பு. விரித்த நாளிலிருந்து சமோசா, பச்சைச் சட்னி, பராமரிப்புக் கட்டணச் சண்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. இலவசமாகக் கழுவுகிறோம் என்றதும் செயலாளர் சாவியை விட்டெறிந்தார். நாலு கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நாளுக்கு ஒருவராக, தங்கள் மெஷினைக் கொண்டுவந்து அதே கார்ப்பெட்டை, அதே சுவரிலிருந்து அதே சுவர் வரை கழுவிக் காட்ட வேண்டும்.

"எல்லாருக்கும் ஒரே பரீட்சை. அப்பதான் நியாயம்" என்றார் அண்ணன்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரே இலையில் ஒரே ஒருமுறை பரிமாறிவிட்டு, நாலு பேரை ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்து, கடைசியாக உட்கார்ந்தவரைப் பார்த்து, "நீ ஏன்யா ஒண்ணுமே சாப்பிடல?" என்று கேட்பதுபோன்ற நியாயம்.

முதல் மெஷின் ஒரு தகர யானை. மாடிக்கு ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் ஏறிவந்து, "க்யா தோட் ரஹே ஹோ பையா?" என்று எதை உடைக்கிறோம் என விசாரித்தார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. உள்ளேயிருந்து வந்த தண்ணீர் தார்போலக் கறுப்பு. அதில் ஒரு காலி பாட்டில் நிறையப் பிடித்து, மேலே ஒன்று என்று எழுதி, பால்கனியில் வைத்தார். இரண்டாவது மெஷின் கொடுத்தது ஸ்ட்ராங் டீ. மூன்றாவது கொடுத்தது பால் அதிகமான டீ. பாட்டில்கள் வரிசையாக நின்றன. அண்ணன் காலையில் பல் துலக்கிக்கொண்டே அவற்றை வெயிலில் தூக்கிப் பார்ப்பார். "ஒண்ணு கிட்ட எதுவும் நிக்காது" என்பார்.

நானும் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது காலால். ஒவ்வொரு மெஷின் போன பிறகும் கார்ப்பெட்டின் மேல் வெறுங்காலோடு நடந்து கதவைச் சாத்துவது என் வேலை. தகர யானை போன மறுநாள் சாயங்காலமும் குதிகாலில் ஈரம் ஏறியது. தண்ணீரை ஊற்ற எந்த மெஷினாலும் முடியும். ஊற்றியதைத் திரும்ப உறிஞ்சத் தெரிய வேண்டும். ஆகஸ்ட் மாதத்து டில்லியில் காயாத கார்ப்பெட் மூன்றாம் நாள் நனைந்த நாயாக நாறும். சனிக்கிழமை பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் ஹாலில் அந்த வாசனை எழுந்தால் நாங்கள் எழுந்துபோக வேண்டியதுதான்.

நாலாவது மெஷினைக் கொண்டுவந்தது அனன்யா என்ற பெண். டில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் அவளுக்குப் பண்டிகைப் பட்டுப்பாவாடை மாதிரி, எப்போதாவது எடுத்துக் கட்டுவது. மெஷினைத் தானே ஒற்றைக் கையால் இழுத்துவந்தாள். அங்கேயே அண்ணனுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

"ஆன் பண்ணும்மா."

"ஆன்ல தான் இருக்கு, அங்கிள்."

"சத்தத்தையே காணோம்?"

"சைலண்ட் மோட்டார், அங்கிள். ரொம்ப நல்லா இருக்கு."

"அதாம்மா எனக்கு பயமா இருக்கு."

அவள் சுவரிலிருந்து சுவர் வரை ஓட்டினாள். டேங்கில் சேர்ந்தது அரிசி கழுவின தண்ணீர். அண்ணன் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டேங்கைப் பார்த்தார். "ஏம்மா, இதுல சோறு வடிக்கலாம் போலருக்கே?" என்றார். பாவம், அந்தப் பெண் முகம் சிவந்து, பில்டர் அடைத்துவிட்டதா என்று கழற்றிப் பார்த்தாள். அந்த கார்ப்பெட்டை ஏற்கனவே மூன்று மெஷின்கள் கழுவிவிட்டன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் போட்ட டீ கொதித்து இறங்குவதற்குள் என் காலுக்கடியில் கார்ப்பெட் காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் தகர யானைக்காரருக்குப் போன் போட அண்ணன் கைப்பேசியை எடுத்தார். நான் எப்படியோ கேட்டுவிட்டேன்: "அண்ணே, வாங்கறதுக்கு முன்னாடி அத அதே கார்ப்பெட்டுல இன்னொரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாமா?"

"ஏன் பாக்கக்கூடாது? அச்சாத்தான் சொல்ற" என்றார். கறுப்புத் தண்ணீரை இன்னொரு முறை தரிசிக்க அவருக்குக் கசக்குமா?

செவ்வாய்க்கிழமை தகர யானை மறுபடி மாடி ஏறியது. ஜன்னல் அதிர்ந்தது. கீழ்த்தளத்துக்காரர் மறுபடி வந்தார். தண்ணீர் வந்தது. ஊற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தேன். இதோ புரியப் போகிறது, இதோ நெற்றியில் அடித்துக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெஷினை மூன்று சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்:

"பாய் சாப், ஆப்கா மெஷின் கராப் ஹோ கயா."

எட்டே நாளில் கெட்டுப்போய்விட்டதாம்! கடைக்காரர் ஹிந்தியில் நாலு வார்த்தை சொன்னார். அவற்றை இங்கே எழுத முடியாது. யானை மாடி இறங்கியது.

மிச்சம் இருந்தது ஒரு நாள். அண்ணன் பால்கனியில் பாட்டில்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் அனன்யாவுக்குப் போன் போட்டேன். கார்ப்பெட் கதையை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் அரை நிமிடம் சிரித்தாள். பிறகு அண்ணனிடம் பேசினாள். காயும் நேரம், உறிஞ்சும் வேகம் எதையும் சொல்லவில்லை, கெட்டிக்காரப் பெண். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அங்கிள், என் மெஷின்ல டேங்க் கண்ணாடி மாதிரி இருக்கு. தண்ணி ஓடறது வெளிலேந்தே தெரியும்."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "வெளிலேந்தேவா?"

புதன்கிழமை மெஷின் வந்தது. சரியான மெஷின். வந்த காரணம்தான் தப்பு. நம் நாட்டில் பாதிக் கல்யாணங்களும் இப்படித்தான் நடக்கின்றன, நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை சாணக்யபுரி. ஹாலின் முதல் பாதியை முடித்தோம். பாலசுப்ரமணியம் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். கார்ப்பெட்டைப் பார்க்கவில்லை, அதன் ஓரமாகவே நடந்து வந்து டேங்கின் முன் நின்றார். வருடத்தில் பத்து நாள் திறக்கிற ஹால். தண்ணீர் லேசான சாம்பல் நிறம்.

"என்னய்யா, தண்ணிய ஊத்தித் தண்ணிய எடுத்திருக்கீங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சார், கார்ப்பெட் சுத்தமா இருந்தா அழுக்கு எங்கேந்து சார் வரும்?"

நான் பிரஷைக் கீழே போட்டுவிட்டேன். பத்து நாளாக என் தொண்டைக்குள் கிடந்த வாக்கியம். அதை அவர் தானே கண்டுபிடித்தவர்போல் சொல்கிறார்!

"அதெல்லாம் பேசாதீங்க. நான் கண்ணால பாக்கறேன்ல? டீ குடிச்சிட்டு வரேன். இதே மாதிரிதான் இருக்கும்னா மெஷினக் கட்டுங்க" என்று சார் போய்விட்டார். அண்ணன் சுவரில் சாய்ந்தார். ராஜாவுக்குப் பழைய சட்டை நினைவு வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

நான் டேங்கைக் கழற்றி ஊற்றப் போனேன். பின்பக்க வராந்தாவில் வீராயி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாளிகையில் பதினோரு வருடமாகத் துடைக்கிறவள். என்னைப் பார்த்தாள், டேங்கைப் பார்த்தாள், தன் வாளியைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"எவ்ளோ வேணும்?"

நான் விழித்தேன்.

"அட, ஊத்திக்க புள்ள. நானே அவரு வந்து எட்டிப் பாக்குற வரைக்கும் வாளித் தண்ணிய மாத்துறதில்ல. சுத்தமா இருந்தா வேல செய்யலம்பாரு. இது வராந்தா தண்ணி. இன்னும் கறுப்பா வேணும்னா சமையக்கட்டுத் தண்ணி இருக்கு."

"இதே போதும்க்கா" என்றேன். அரை டேங்க் ஊற்றிக்கொண்டு போய், அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் மெஷினில் மாட்டிவிட்டேன்.

சார் டீ குடித்துவிட்டு வந்தபோது ஹால் முடிந்திருந்தது, டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது, உள்ளே அமாவாசை. குனிந்து பார்த்தார். கன்னத்தில் கைவைக்கவில்லை, ஆண்பிள்ளை. ஆனால் கைப்பேசியை எடுத்து இரண்டு படம் பிடித்தார். சனிக்கிழமை பெரிய மனிதர்கள் வந்தார்கள். காய்ந்த கார்ப்பெட்டின் மேல் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். கார்ப்பெட் காய்ந்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. காய்ந்த கார்ப்பெட்டை யார் கவனிப்பார்கள்? சார் அவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டினார். எல்லோரும் தலையசைத்தார்கள். திங்கட்கிழமை முப்பத்திரண்டு ரூமுக்கும் கையெழுத்தாகிவிட்டது.

அண்ணனிடம் வீராயியைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே காரில் திரும்பும்போது ஆரம்பித்தார்: "பாத்தியா? மொதப் பாதில ஒண்ணும் வரல. ரெண்டாம் பாதில எப்படிக் கொட்டுச்சு! மெஷின் சூடானாத்தான் வேல செய்யும். நான் கண்ணால பாத்தேன்."

இதைப் படிக்கிற நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இந்த வகை அல்ல, தெரியும். தீபாவளிக்கு முன்னால் எங்களுக்கு நிறைய அழைப்பு வருகிறது. உங்கள் வீட்டுக்கும் வருவோம். அண்ணன் மெஷினை ஓட்டுவார். வேலை முடியும்போது நீங்கள் வந்து நிற்பீர்கள். உங்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று நான் ஓரத்தில் முட்டிபோட்டபடி பார்த்துக்கொண்டிருப்பேன். கவலைப்படாதீர்கள், வெளியே சொல்ல மாட்டேன். உங்களுக்கு எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எங்களுக்கு வசதி.