மீன்தொட்டியில் நிகழ்ந்த பேரழிவு குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள் எங்களிடம் விட்டுச்சென்ற மீன்களைப் பற்றி அப்படி எழுத வழியில்லை. நீங்கள் இருவரும் புதைபடிவம் தேடிப் பாறை தோண்டுகிற மலையில் போன் எடுக்காது என்பதால், உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். என் மகள் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது அவள் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குழந்தை பிறந்து நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காப்பகமெல்லாம் எதற்கு என்று நான் மார்தட்டினேன். "முதல்ல இந்த மீனைப் பார்த்துக்குங்கப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானோ தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். கொதிகலன்களையே கட்டி மேய்த்தவனுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பெரிய ஆரஞ்சு மீன், மேனேஜர் என்று கூப்பிடுவோமே, அது நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடியில் முட்டி வாயைப் பிளந்தது. ஓய்வு பெற்றவன் அந்தப் பக்கம் போகாமல் வேறு எந்தப் பக்கம் போவான்? போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை என்று தீனி போட்டேன். மிஞ்சியது அடியில் தங்கி அழுகி, தண்ணீர் பச்சையானது. பாவம், வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னல் திரையை விலக்கினேன், பாசிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மீன்கள் சோர்ந்து மூலையில் ஒதுங்கின, குளிர்கிறதோ என்று ஹீட்டரைக் கூட்டிவைத்தேன். உடனே எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன, சரி, பசி என்று இன்னொரு சிட்டிகை போட்டேன். காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் வேறு மதியத் தூக்கத்தில் மண்டையைக் குடைந்ததா, கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்தவன் அதை மறந்தே போனேன். பிறகு ஹீட்டர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, முட்டுக்கொடுக்கலாம் என்று நீங்கள் சேகரித்த கற்களை அடுக்கியிருக்கும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். அது ஈரக் கையில் வழுக்கி, டமாலென்று தொட்டிக்குள் விழுந்து, உள்ளே ஒரே கலங்கல், ஒரே இருட்டு. தெளிந்தபோது மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் மல்லாந்து மிதந்தார்கள். எப்போதும் அடியில் ஒளிந்து கிடப்பானே மீசைக்கார வாட்ச்மேன், அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு உங்கள் அத்தை ஓடிவந்தாள். "கல்லைப் போட்டுக் கொன்னுட்டீங்களே!"

"கல்லு விழறதுக்கு முன்னாடியே பாதி உயிர் போயாச்சுடி."

"அப்ப மீதிப் பாதியைக் கொன்னது யாரு?"

ஒரு விபத்துக்கு ஒரே காரணம்தான் என்று காலமெல்லாம் அறிக்கை எழுதியவன் நான். டைனோசர் விஷயத்திலும் வானத்திலிருந்து கல் விழுந்தது, கேஸ் முடிந்தது என்று சாப்பாட்டு மேஜையில் உங்கள் முன்னால்தான் வாதாடினேன். என் மகள் விடவில்லை. "அந்த ஒண்ணுக்குத்தான்பா கல்லு. மத்த பேரழிவுக்கெல்லாம் கல்லைத் தேடினா சரியா சிக்கறதில்ல. இருக்கறதுலயே பெரிசு எரிமலையால வந்தது. கரியமில வாயு சேர்ந்து, பூமி சூடாகி, கடல் சூடாகி, சூடான தண்ணியில பிராணவாயு தங்காம, கடலே அமிலமாகி... ஒண்ணு இன்னொண்ணை இழுத்துட்டு வரும்." இன்னொரு தடவை, மரங்கள் வேர்விட்டு மண்ணைக் கரைக்க, சத்தெல்லாம் கடலில் சேர்ந்து பாசி மண்டி மீன்கள் மூச்சுத் திணறியிருக்கலாம் என்றும் சொன்னாள். சாப்பாடு அதிகமாகி யாராவது சாவார்களா என்று நான் சிரித்தேன்.

இப்போது தொட்டி முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். எரிமலையும் நான்தான், பாசியும் நான்தான், கல்லும் நான்தான். பூமி ஆற அமரச் செய்த வேலையை நீங்கள் திரும்பி வருவதற்குள் உங்கள் மாமனார் முடித்துவிட்டார். விபத்து அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'சும்மா இருக்கத் தெரியாத ஒரு ஆள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. தொட்டில் பக்கத்தில் நிற்கப்போவதும் இதே துறுதுறுத்த கைதானே? பிள்ளை அழுதால் பசி என்பேன், தூங்கினால் குளிர் என்பேன். ஆகவே நல்ல காப்பகமாகப் பார்த்துப் பேசிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் வருத்தம்தான்.

வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பாறையில் பார்த்துக் கால் வைக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும்வரை வெயிலும் மழையும் உங்கள் இருவரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகும் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். காப்பகத்தாரிடம் பேச வேண்டாம். கடிதத்தை ஒட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவலாம் என்று கல்லைத் தூக்கினால், அடியில் வாட்ச்மேன் மீசையை ஆட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறான்! உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். எந்தப் பேரழிவிலும் பொந்துக்குள் பதுங்கியவன் எவனாவது பிழைப்பான், எலி மாதிரி இருந்த நம்முடைய மூதாதையரும் அப்படிப் பிழைத்தவர்கள்தான் என்று என் மகளே சொல்லியிருக்கிறாள். ஆக, கல் விழுந்தது என் கணக்கில் நல்லதாகவே சேர வேண்டும். "பிள்ளையைக் கல்லுக்கு அடியில வச்சுப் பார்த்துக்கறேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்கிறாள் அத்தை. தண்ணீர் மாற்றியாயிற்று, மோட்டார் ஓடுகிறது, மதியத் தூக்கம் போயே போயிற்று. வாட்ச்மேனுக்கு ஒரே ஒரு சிட்டிகை போட்டேன். தின்றுவிட்டு என்னையே பார்க்கிறான். தீனி டப்பாவை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவள் பிடுங்கவில்லை மாப்பிள்ளை, நானாகத்தான் கொடுத்தேன். வேறு எதைச் சொல்ல மறந்தாலும், இதை என் மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.